காற்று நின்றால் கடிதமும் நிற்கும்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமை எழுதுவது. 'நான் நலம், நீயும் அத்தானும் நலமா' என்று வழக்கம்போல் ஆரம்பித்துவிட்டு, முதல் நலத்தின் மேல் ஒரு கோடு போட்டிருக்கிறேன் பார். பதறாதே. உயிரோடு இருக்கிறேன், வீட்டில்தான் இருக்கிறேன், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் இரண்டு பேருக்கும் போனில் ஒரே நேரத்தில்தான் பேச வரும். போன தடவை யார் முதலில் போனை வைத்தது என்ற சண்டையே இன்னும் முடியவில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

போன மாதம் கடையில் லிஃப்ட் ரிப்பேர். மூக்குக்கண்ணாடி ஃப்ரேம்கள் அடுக்கிய பெட்டிகள் கீழே வந்து கிடந்தன. "சீக்கிரம் தூக்குங்கப்பா" என்றார் முதலாளி. எல்லோரும் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். இரண்டாவது மாடிப் படியில் தொடை இரண்டும் பலகையாக இறுகிவிட்டன. வழக்கமாக அந்த மாதிரி நேரத்தில் நான் ஷூ லேஸைக் கட்டுவேன், இல்லாவிட்டால் திரும்பி நின்று ஒரு ஜோக் சொல்வேன். அன்றைக்கு எனக்குப் பின்னால் ஆள் இடித்துக்கொண்டு வந்ததால் நிற்க வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிட்டேன். மறுநாள் காலையில் சிறுநீர் கோலா நிறத்தில் போனது.

அப்புறம் ஆஸ்பத்திரி. தசை உடைந்து, அந்தத் துகள் போய்க் கிட்னியை அடைத்துக்கொண்டதாம். மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். கிட்னி இப்போது பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. பிறகு ஒரு தசை டாக்டரம்மா வந்து, என் தொடையிலிருந்து துளியூண்டு சதை எடுத்துப் பார்த்து, வாயில் நுழையாத ஒரு வியாதியின் பெயரைச் சொன்னார். அபூர்வமாம். அவரே இதுவரை இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறாராம். என்னைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"உங்க தசைக்குள்ள சர்க்கரை நிறைய இருக்கு. அதைத் திறக்கிற சாவிதான் பிறக்கும்போதே இல்ல. அவசரமா வேலை செய்யச் சொன்னா வலிக்கும், இறுகும். அதையும் மீறிப் போனா உடையும்" என்றார்.

"அப்ப நான் சோம்பேறி இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அதுக்கு நான் டெஸ்ட் எடுக்கல" என்றார்.

நீ வைத்த ஆமை என்ற பட்டம் இப்போது டாக்டர் கையெழுத்தோடு உறுதியாகிவிட்டது, சந்தோஷப்படு. ஒரு விஷயம். அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி வந்து சேர்ந்தால்தான் இது வருமாம். கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாமாம். "அக்கா இருக்கா. கிரேன் ஓட்டுறா. தினமும் ஏணியில ஏறிப் போறா" என்றேன். அவர் கண்ணை அகல விரித்து, "எதுக்கும் கேட்டுப் பாருங்க" என்றார். கேட்கிறேன். உனக்கு ஏறும்போது, தூக்கும்போது எங்கேயாவது வலி உண்டா?

அத்தானுக்கு என் அன்பு.

உன்,
ஆமை

பிப்ரவரி 3

அன்புள்ள ஆமைக்கு,

கிரேன் கேபினிலிருந்து அக்கா. நான் நலம். அத்தான் நலம், அவருடைய பஸ்ஸும் நலம். ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, சாவகாசமாக வீட்டுக்கு வந்து, நலத்தின் மேல் கோடு போட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறாயா? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் ஓடி வந்திருக்க மாட்டேனா? நேரில் பார்த்தால் முதுகில் ஒன்று வைப்பேன். முதுகில் வைக்கலாமா என்று அந்த டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல். படித்த அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை, தெரியுமா?

இன்று காற்று பலம். காற்று ஓர் அளவைத் தாண்டினால் சரக்குத் தூக்கக் கூடாது. கிரேனின் நீளக் கையை அது போகிற பக்கம் போக விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மற்ற ஆபரேட்டர்கள் இறங்கிப் போய் டீ குடிப்பார்கள். இறங்கினால் மறுபடி ஏற வேண்டும், எதற்கு என்று நான் மேலேயே உட்கார்ந்துவிடுவேன். அதனால்தான் என் கடிதங்கள் எல்லாம் காற்றில் எழுதியவை. இங்கிருந்து பார்த்தால் ஆறு, பாலம், யாரோ ஒருவர் மொட்டை மாடியில் துணியைத் துரத்திக்கொண்டு ஓடுவது, எல்லாம் தெரிகிறது.

இங்கே எனக்குப் பெயர் என்ன தெரியுமா? போல்ட் அக்கா. ஏணியில் ஏறும் வழியில் இடையிடையே நிற்க ஒரு சின்ன இரும்பு மேடை இருக்கும். நான் ஒவ்வொரு மேடையிலும் நின்று, போல்ட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஏணியில் கால் வைப்பேன். "அவங்களைப் பார்த்துக் கத்துக்கங்க" என்று கம்பெனியில் புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறார்கள். ஆற்றோரம் ஒரு பெரிய கட்டடம் வரப் போகிறது. இந்த ஊரிலேயே உயரமான கிரேன் அங்கேதான் நிற்கும். அந்தக் கேபின் எனக்குத்தான். இன்னும் யாரும் சொல்லவில்லை, நானே முடிவு செய்துவிட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். எனக்கு வலி உண்டா என்றால்,

காற்று நின்றுவிட்டது. சரக்கைத் தூக்கச் சொல்லி சிக்னல்காரர் கீழேயிருந்து கையை ஆட்டுகிறார். நேரத்துக்குச் சாப்பிடு, எதையும் தூக்காதே.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், பாதிக் கோட்டோடு. முதுகில் வைக்கலாமாம். டாக்டரம்மா அனுமதி கொடுத்துவிட்டார்.

கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். சும்மா இருக்கும்போதும் தொடையில் மங்கலாக ஒரு வலி இருக்கிறது. வீட்டோடு வந்து தங்கிவிட்ட சொந்தக்காரர் மாதிரி, போ என்றாலும் போவதில்லை. சரி, இருப்பதுதான் இருக்கிறாய், உன் குணம் என்ன என்று பார்ப்போம் என்று அதைக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறேன். காய்ந்த ரொட்டியை மென்றால் தாடை வலிக்கிறது. தலை துவட்டினால் தோள் வலிக்கிறது. துணி பிழிந்தால் விரல் மடங்கினது மடங்கினபடி நிற்கிறது. ஆனால் நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்கினாலும் ஒன்றும் ஆவதில்லை. எவ்வளவு விநோதம் பார்.

இதைவிடப் பெரிய விநோதம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் ஓடும் பட்டை மேல் என்னை நடக்க விட்டார்கள். கொஞ்ச நேரத்திலேயே கால் கெஞ்சுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. "முடியல டாக்டர்" என்றேன். "மெதுவா போங்க. ரொம்ப வலிச்சா நில்லுங்க. அப்புறம் மறுபடி மெதுவா" என்றார். அப்படியே செய்தேன். எட்டு, பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அக்கா, யாரோ உள்ளே ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள். வலி வடிந்துவிட்டது. அதே கால், அதே பட்டை, நான் பாட்டுக்கு நடக்கிறேன்! உள்ளே இருக்கும் சர்க்கரைக்குச் சாவி இல்லாவிட்டால் என்ன, ரத்தம் வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து சேர்த்துவிடுமாம். அது வந்து சேரும்வரை நாம் அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் இந்தக் கதவு என் உடம்புக்குள்ளேயே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே.

கடைக்குப் போகும் தெரு கொஞ்சம் ஏற்றம். நான் குழாய்க் கடை வாசலில் நிற்பேன், மீன் தொட்டிக் கடை வாசலில் நிற்பேன், புத்தகம் தைக்கிறவர் ஜன்னலில் நிற்பேன். வேடிக்கை பார்ப்பது என் சுபாவம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கால்தான் நிற்கச் சொல்லியிருக்கிறது, கண் அதற்குச் சாக்குத் தேடியிருக்கிறது. இது புரிந்ததும் சட்டென்று அப்பா ஞாபகம் வந்தது. கடைத்தெருவில் ஒரு கடை விடாமல் நின்று பார்ப்பாரே, அம்மா "ஊர்ல இருக்கிற கடையெல்லாம் இவர்தான் கணக்கெடுக்கணும்"னு கத்துவாளே. அவர் ஏன் நின்றார், அக்கா?

இன்னொரு சந்தேகம். கிரேனின் போல்ட்டைப் பார்ப்பதற்குத் தனியாக மெக்கானிக் கிடையாதா?

உன்,
ஆமை

மார்ச் 15

அன்புள்ள ஆமைக்கு,

நான் நலம். நீ நடப்பது சந்தோஷம்.

மெக்கானிக் இருக்கிறார். அவர் பார்ப்பது அவர் வேலை, நான் பார்ப்பது என் வேலை. அப்பாவுக்கு வேடிக்கை பார்க்கிற புத்தி, அவ்வளவுதான். செத்துப்போன மனுஷனுக்கெல்லாம் டாக்டர் சீட்டு வாங்காதே.

புதுக் கிரேனுக்கு மே மாத நடுவில் ஒரு பரீட்சை வைக்கிறார்கள். அந்தக் கிரேனில் ஆள் ஏற லிஃப்டே இருக்கிறது. ஆனால் லிஃப்ட் கெட்டுப்போய் ஏதாவது ஆபத்து வந்தால் ஏணியைப் பயன்படுத்தத் தெரிய வேண்டுமாம். அதனால் நான் இப்போது ஓட்டும் கிரேனில், அடியிலிருந்து கேபின் வரை எங்கேயும் நிற்காமல் ஏறிக் காட்ட வேண்டும். சேஃப்டி ஆபீசர் கீழே கடிகாரத்தோடு நிற்பார். "அப்ப போல்ட் பார்க்கிறது?" என்று கேட்டேன். "அன்னிக்கு மட்டும் போல்ட்டுக்கு லீவு" என்று சிரித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் ஒரு தடவை நிற்காமல் ஏறிப் பார்த்தேன். ஏறிவிட்டேன்! பிறகு உடம்பு சூடு பிடித்து இரண்டு நாள் லீவு போடும்படி ஆனது. தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை, வேறொன்றுமில்லை. இன்னும் நாள் இருக்கிறது, பழகிவிடும்.

காற்று நின்றது.

அக்கா

மார்ச் 24

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

நலமா? இந்தக் கடிதத்தை அக்கா இல்லாதபோது படியுங்கள்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அக்காவுக்கும் என் வியாதிதான் என்று எனக்குச் சந்தேகம். காற்றடிக்கும்போது அவள் மட்டும் கீழே இறங்குவதில்லை. மெக்கானிக் பார்த்த போல்ட்டை ஒவ்வொரு மேடையிலும் நின்று மறுபடி பார்க்கிறாள். நிற்காமல் ஏறின வாரம் இரண்டு நாள் படுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு வந்த கடிதத்தில் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, பேனாவை விரலால் பிடிக்க முடியாமல் எழுதினது போல இருக்கிறது. நான் கண்ணாடிக்கடைக்காரன், பார்ப்பதுதான் என் பிழைப்பு.

என்னைப் போலவே அவளுக்கும் தசை உடைந்தால் கிட்னி போகும். எனக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருந்தது, பிழைத்தேன். மே மாதம் அவள் கடிகாரத்துக்குப் பயந்து நிற்காமல் ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு என்ன தெரியும், மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆமை

ஏப்ரல் 2

அன்புள்ள மச்சானுக்கு,

பஸ் டிப்போவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, எழுத்து குலுங்கினால் பொறுத்துக்கொள்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. மாடிப்படி ஒவ்வொரு திருப்பத்திலும் உன் அக்கா நிற்பாள். நின்று என்னைத் திட்டுவாள். முதல் திருப்பத்தில், கதவைப் பூட்டினாயா இல்லையா. இரண்டாவது திருப்பத்தில், என் தம்பி, என் அம்மா, என் வகையறா. வீட்டு வாசலுக்கு வந்ததும் சிரித்த முகமாகிவிடுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். படிக்கட்டு இவளுக்கு ஆகாது போல, என் ராசி இவ்வளவுதான் என்று நானும் இருந்துவிட்டேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு, இத்தனை வருஷம் வாங்கின திட்டுக்கு எல்லாம் அர்த்தம் வேறு என்று புரிந்து, டிப்போவில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தவளுக்கு உள்ளங்கை விரியவில்லை. நான்தான் ஊட்டிவிட்டேன். மறுநாள் சிறுநீர், நீ அவளுக்கு எழுதியிருந்த அதே கோலா நிறம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "போனா எழுதிடுவாங்க. எழுதிட்டா கேபின் போச்சு. நீங்க யார்கிட்டயாவது மூச்சு விட்டீங்கன்னா, பாத்துக்கங்க" என்றாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், சரியாகிவிட்டது.

அவள் வேலை கற்றுக்கொண்ட காலத்தில், ஏணியில் பாதியில் நின்றதற்காக, "பொம்பளைக்கு இது சரிப்படாது, வலிக்குதுன்னா வீட்டுக்குப் போ" என்று ஒருவன் சொன்னானாம். அன்றிலிருந்து வலிக்கிறது என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. தலைவலியைக்கூடத் 'தலை ஒரு மாதிரி இருக்கு' என்றுதான் சொல்வாள்.

நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே. ஏதாவது செய்.

அத்தான்

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் உன்னிடம் இன்றைக்கு எதுவும் கேட்கப் போவதில்லை. முழுக்க முழுக்க என் சுயபுராணம்.

எனக்கு ஏற்றம் ஏற வேண்டியிருந்தால், அதற்கு முன் சமதரையில் பத்து நிமிஷம் மெதுவாக நடக்கிறேன். கதவு திறந்த பிறகுதான் ஏறுகிறேன். அப்படியும் செங்குத்தாக ஏறினால், கை காலெல்லாம் சேர்ந்து வேலை செய்தால், பாதியில் இறுகும். என்னைப் போன்ற ஆளுக்கு அதற்குப் பழக்கம் என்பதே கிடையாது, எத்தனை தடவை ஏறினாலும் பழகாது என்கிறார் டாக்டரம்மா. இறுகின இடத்தில் நான் நின்றே ஆக வேண்டும். நிற்காமல் போனால் அந்த நிறம் வரும். ஒரு தடவை தண்ணீர் குடித்துத் தப்பித்தவன் அடுத்த தடவையும் தப்பிப்பான் என்று சொல்ல முடியாதாம். இதெல்லாம் என்னைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

மெஷினில் படுத்திருந்தபோது அது ஒரு சத்தம் போடும். தையல் மெஷினைத் தண்ணீருக்குள் வைத்து ஓட்டினது மாதிரி. என் ரத்தம் குழாயில் வெளியே போய் உள்ளே வருவதை நானே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு எதைப் பார்த்தாலும் வேடிக்கை பார்க்கத் தோன்றும், தெரியுமே. அதை மட்டும் பார்க்கப் பிடிக்கவில்லை.

என் சுயபுராணம் முடிந்தது. அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆமை

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. அங்கே காற்றே அடிக்கவில்லையா? பேப்பரில் உங்கள் பக்கத்து வானிலையைத் தினமும் பார்க்கிறேன். போன வாரம் மரமே சாய்ந்திருக்கிறது. நேற்று போன் போட்டேன், நீ எடுத்து "கேபின்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். பின்னால் உங்கள் வீட்டுக் குக்கர் சத்தம் கேட்டது.

கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுது.

ஆமை

மே 19

அன்புள்ள ஆமைக்கு,

வலிக்கிறது. மற்றபடி நலம்.

இது கேபினில் எழுதுவது இல்லை. வீட்டில், சமையலறை மேஜையில் எழுதுகிறேன். பாதியில் நிறுத்த எனக்குக் காற்றும் இல்லை, சிக்னல்காரரும் இல்லை.

உன் சுயபுராணத்தைப் படித்த அன்றைக்கே அத்தான் உளறிவிட்டார் என்று தெரிந்துவிட்டது. அதற்குச் சில நாள் முன்பிருந்தே மாடிப்படியில் நான் திட்டுவதற்கு முன்னாலேயே அவராக நின்று, "ம், திட்டு, நிதானமா திட்டு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். மனுஷனுக்கு ரகசியம் காப்பாற்றத் தெரிகிறதா பார். உன் மேலும் கோபம்தான். எனக்கு வியாதி என்று நீ சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நீ உன்னைப் பற்றி மட்டும் எழுதிவிட்டாய், யாரோடு சண்டை போடுவது? அதனால்தான் பதில் போடவில்லை.

முந்தாநாள் பரீட்சை. நீ எழுதினபடி, ஏறுவதற்கு முன் சைட்டைச் சுற்றி மெதுவாக நடந்தேன். "என்ன போல்ட் அக்கா, எதைத் தொலைச்சீங்க?" என்று கம்பி கட்டுகிறவர் கேட்டார். "சாவிய" என்றேன். அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார், பாவம்.

சேஃப்டி ஆபீசர் கடிகாரத்தை அழுத்தினார். முதல் மேடையில் நிற்கவில்லை, இரண்டாவதிலும் நிற்கவில்லை. உன் கதவு கொஞ்சம் திறந்துதான் இருந்தது, ஆச்சரியமாக இருந்தது. மூன்றாவது மேடைக்குக் கீழேயே தொடை கல்லானது. கம்பியைப் பிடித்த விரல் விட மாட்டேன் என்றது. பல்லைக் கடித்தால் ஏறிவிடலாம், எனக்குத் தெரியும், அப்படித்தான் இத்தனை வருஷம் எல்லாம் செய்திருக்கிறேன். அப்போது நீ எழுதின அந்த மெஷின் சத்தம் காதில் கேட்டது. மேடையில் ஏறி நின்றுவிட்டேன்.

நின்றதும் என் கை தானாகப் போல்ட்டைத் தட்டியது. கீழேயிருந்து வாக்கி டாக்கியில், "அக்கா, போல்ட்டெல்லாம் நேத்தே பார்த்தாச்சு! டைம் போகுது, ஏறுங்க!" என்றார் சேஃப்டி ஆபீசர். போல்ட்டிலிருந்து கையை எடுத்தேன். எடுத்துவிட்டு வாக்கி டாக்கியை அழுத்தி, "வலிக்குது. அதான் நிக்கிறேன்" என்றேன்.

பிறகு சிக்னல்காரர் குரல் வந்தது. "அக்கா, சரியா கேக்கல. திரும்பச் சொல்லுங்க."

"வலிக்குதுன்னு சொன்னேன்!" என்று கத்தினேன். அந்த வாக்கி டாக்கி சைட் முழுக்கக் கேட்கும் என்பது கத்தின பிறகுதான் ஞாபகம் வந்தது. கான்கிரீட் கலக்குகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

அங்கேயே உட்கார்ந்தேன். வடிந்த பிறகு ஏறினேன், அடுத்த மேடையிலும் நின்றேன், கேபினைத் தொட்டுவிட்டு இறங்கி வந்தேன். போல்ட்டை ஒன்றுகூடத் தட்டவில்லை. "ஃபெயில்தான் போடணும் அக்கா" என்றார் சேஃப்டி ஆபீசர், என் முகத்தைப் பார்க்காமல். நல்ல மனுஷன், அவருக்கும் சங்கடம்.

"போடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மேல தீப்பிடிச்சா நான் ஏறணுமா, இறங்கணுமா?"

"இறங்கத்தான்."

"அப்ப ஏறுறதுக்கு எதுக்குக் கடிகாரம்?"

தலையைச் சொறிந்தார். "எல்லா இடத்திலயும் இப்படித்தான் பண்றாங்க... நான் மேலே எழுதிக் கேக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நேற்று வேலைக்குப் போனால், வெல்டர் வந்து, "அக்கா, எனக்கு முட்டி வலிக்குது, யார்கிட்டயும் சொன்னதில்ல" என்கிறார். மதியத்துக்குள் இடுப்பு, தோள், கழுத்து எல்லாம் என்னிடம் வந்துவிட்டன. நான் என்ன வலிக்கு ஆபீசரா?

அடுத்த மாதம் இங்கே ஒரு தசை டாக்டரைப் பார்க்கப் போகிறேன். தொடையில் எவ்வளவு சதை எடுப்பார்கள்? வலிக்குமா?

அக்கா

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தத் தடவை கோடு போடவில்லை.

எறும்பு கடித்த அளவுதான் வலிக்கும். எடுத்த சதையை நுண்ணோக்கியில் காட்டச் சொல்லிக் கேள், காட்டுவார்கள். நான் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். 'திரும்பச் சொல்லுங்க' என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. லென்ஸ் பார்க்க வந்திருந்த வாடிக்கையாளர், "கண்ணுக்கு ஏதாவதா?" என்று என்னையே கேட்டார்.

கேபின் என்ன ஆயிற்று? அதைச் சொல் முதலில். முடிந்தால் ஒரு தடவை இங்கே வந்துவிட்டுப் போ.

ஆமை

ஜூலை 8

அன்புள்ள ஆமைக்கு,

வலியோடு நலம். அத்தானும் நலம், திட்டு குறைந்து கொஞ்சம் இளைத்திருக்கிறார்.

எனக்கும் அதே வியாதிதான். என் சதையையும் நுண்ணோக்கியில் பார்த்தேன். உயரமான கிரேன் எனக்கு இல்லை. வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல பையன்தான், ஆனால் எந்தப் போல்ட்டையும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆத்திரத்தில் இரண்டு வேளை சாப்பிடவில்லை, இப்போதும் ஆற்றோரம் பார்த்தால் வயிறு எரிகிறது. ஏறும் பரீட்சையை இறங்கும் பரீட்சையாக மாற்றுவது பற்றித் தலைமை அலுவலகம் யோசிக்கிறதாம், யோசித்து முடிப்பதற்குள் கட்டடமே முடிந்துவிடும். பழைய கிரேன் என்னிடமே இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், நான் முதலில் நடந்துவிட்டு, மேடைக்கு மேடை உட்கார்ந்து ஏறலாம் என்று கம்பெனி ஒத்துக்கொண்டது. மேடைகளில் ஒரு சின்ன ஸ்டூல் மாட்டியிருக்கிறார் வெல்டர். நேற்று கேபினுக்குப் போய்ச் சேர்ந்து கையை விரித்தேன், விரிந்தது. இத்தனை வருஷத்தில் கேபினில் முதல் ஒரு மணி நேரம் விரல் மடங்கியேதான் இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"சில குடும்பத்துல பெத்தவருக்கும் இதே வியாதி இருக்கும். உங்க அப்பாவுக்கு வலி இருந்ததா?" என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். வெளியே வந்த பிறகு அந்தக் கடைத்தெரு ஞாபகம் வந்தது. ஏற்றம் தொடங்குகிற இடத்தில் இரும்புக்கடை இருந்ததா? ஏற்றம் முடிகிற இடத்தில்தானே கண்ணாடிக்கடை? நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, "வாங்கப்பா, போலாம்ப்பா" என்று இழுப்போம். "இருங்க இருங்க, இதைப் பாருங்க" என்பார். இரும்புக்கடை வாசலில் நின்றுதான் எனக்குப் போல்ட் என்றால் என்ன, நட் என்றால் என்ன, எது எதைத் தாங்குகிறது என்று சொன்னார். கண்ணாடிக்கடை வாசலில் உன்னைப் பெரிய லென்ஸுக்குப் பின்னால் நிறுத்தி, "கண்ணு எவ்வளவு பெரிசாயிடுச்சு பார்" என்று சிரித்தார். வேறு எந்தக் கடையிலும் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

அவருக்கு வலித்ததா, வெறும் வேடிக்கைதானா, இனி கேட்க முடியாது. வலித்திருந்தால், வலி வடிகிறவரை நமக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே நின்றிருக்கிறார். அதைத்தான் நீயும் நானும் பிழைப்பாக வைத்திருக்கிறோம். நாம் அவரை எவ்வளவு இழுத்தோம், ஆமை. எழுதும்போதே எனக்கு அழுகை வருகிறது.

அடுத்த வாரம் வருகிறேன். ஸ்டேஷனிலிருந்து உன் கடைக்கு நடந்தே போவோம். நீ நின்றால் நானும் நிற்கிறேன், நான் நின்றால் நீயும் நில். குழாய்க் கடை, மீன் தொட்டிக் கடை, புத்தகம் தைக்கிறவர், எல்லாவற்றையும் காட்டு.

காற்று நின்று ரொம்ப நேரமாகிவிட்டது. கீழே சிக்னல்காரர் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். இதை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

உன்,
அக்கா